காப்புக் கயிறும் பச்சைப் பொட்டும்

காட்டுப்பாக்கம்
25.8.2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

விஜி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். வீட்டுக்காரர் போனிலிருந்து அழைத்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். போன ஞாயிறு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாய். அந்த வார்டில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், நீ மட்டும் பார்க்கவில்லை. கிஷோர்தான் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, அம்மா இப்ப பேசாது. நீ அப்பால வா" என்றான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, காலுக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டு கிடக்கிறான், அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான். அவன் உன்னைப் போல இல்லை.

அதனால்தான் கடிதம். தபால் ஆபீசில் கவர் கேட்டேன். அங்கே இருந்த அம்மா, "ரிஜிஸ்டர் போஸ்டா? கோர்ட்டு மேட்டரா?" என்று கேட்டார். "இல்லைங்க, எங்க அக்காவுக்கு" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம். ஜுரம் நின்றதா? சீழ் வருவது குறைந்ததா? காலை எடுக்க வேண்டி வருமோ என்று ஒரு டாக்டர் பயமுறுத்தினாரே, அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் போதும். திட்ட வேண்டுமானால் மீதிப் பக்கத்தில் திட்டிக்கொள்.

தெருவில் நீ சொல்வதெல்லாம் என் காதுக்கு வந்துவிடுகிறது. உன் தெரு எழிலரசி போன் செய்து ஒன்று விடாமல் ஒப்பிக்கிறாள். "கையில காப்பு கட்டிக்கினு எல்லை தாண்டுனா, அதான் புள்ளை கால்ல வந்து நிக்குது" என்று நீ சொன்னாயாம். தாண்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீ கேட்டால் சொல்கிறேன். கேட்காமல் சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்பாய்.

விஜி

*

மண்ணூர்பேட்டை
3.9.2024

விஜிக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. பொய் எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன்.

உன்னோடு பேச மாட்டேன் என்று பொன்னியம்மன் எதிரில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். என் பிள்ளை தன் காலால் நடந்து அவள் கோயில் படி ஏறுகிற வரைக்கும் உன்னோடு வாய் திறக்க மாட்டேன். உன் கடிதம் வந்ததும் பூசாரி முனியனிடம் போய்க் கேட்டேன். "பேச மாட்டேன்னுதானே சொன்னே நாகு? எழுத மாட்டேன்னு சொல்லலியே. எழுதிக்கோ" என்றார். அதனால் எழுதுகிறேன். பாசத்தில் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் மூன்று கேள்விக்கும் பதில். ஜுரம் நின்றுவிட்டது. சீழ் இன்னும் வருகிறது. காலைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

இனி நான் கேட்கிறேன். ஜூலை மாதம் இவன் பைக்கோடு மணலில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, "நாம ரெண்டு பேரும் இந்த ஆடிக்குத் தீச்சட்டி எடுப்போம்க்கா, அவ பார்த்துப்பா" என்று சொன்னது யார்? நீ. ஆகஸ்ட் ரெண்டாம் தேதி வெள்ளிக்கிழமை நம் இருவர் கையிலும் முனியன் காப்புக் கட்டினார். பத்து நாள் ஊர் எல்லை தாண்டக் கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது, ஒரு வேளைதான் சாப்பாடு. நீ காட்டுப்பாக்கத்து வீட்டை விட்டுவிட்டு என்னோடு வந்து தங்கினாய். உன் கம்பெனி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நம் எல்லைக்குள்ளேயே இருப்பதால் வேலைக்குப் போய் வர முனியன் ஒத்துக்கொண்டார். இவ்வளவு சலுகை போதாதா?

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி வேனில் ஏறி, கால்வாய்ப் பாலம் தாண்டி, வானகரத்துக்குப் போய்விட்டாய். சனிக்கிழமையும் போனாய். மறுநாள் சட்டி எடுக்க வேண்டியவள். ஞாயிற்றுக்கிழமை முனியன் உன் கைக் காப்பை அறுத்துப் போட்டுவிட்டு, "எல்லை தாண்டுன கையில சட்டி குடுக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் ஒருத்தியாகச் சுமந்தேன். மறுநாளே இவன் கால் வீங்கிச் சீழ் பிடித்து மறுபடியும் கத்தி வைத்தார்கள்.

நேர்ந்துகொண்டது ரெண்டு சட்டி. போனது ஒன்று. ஒரு கம்பெனி லீவு போட முடியாத அளவுக்கு நீ என்ன கலெக்டரா? அம்மன் கோயிலில் இருக்கிறாளா, உன் குடோனில் இருக்கிறாளா? அதற்கு மட்டும் பதில் எழுது.

நாகவல்லி

*

காட்டுப்பாக்கம்
15.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். என் வீட்டுக்காரரைத் தவிர நம் ஆட்களில் யாருக்கும் இது தெரியாது.

என் வேலை என்ன என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. "உக்காந்து பார்க்கிற வேலை" என்று தெருவில் சொல்வாய். உண்மைதான், பார்க்கிற வேலைதான். பைக்கின் பிரேக் கேபிள் முனையில் குண்டுமணி அளவுக்கு ஒரு உலோகக் குண்டு இருக்கும். அதுதான் கேபிளைப் பிடித்து நிறுத்துகிறது. அதில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும், என்றைக்காவது ஒருவன் அவசரமாகப் பிரேக்கை அழுத்தும்போது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். லென்ஸ் விளக்குக்கு அடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, நகத்தால் ஒரு சுற்றுத் தடவி, நல்லதாக இருந்தால் ஒரு பொட்டு பெயிண்ட் வைக்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். என் நிறம் பச்சை. பதினொரு வருஷமாக என் பச்சைப் பொட்டு வைத்த பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

காப்புக் கட்டின பிறகு நான் பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்தேன் தெரியுமா? வாய்க்குள்ளேயே அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயிரத்தெட்டு முறை சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வயிறு காலி. மனசு முழுக்க கிஷோர் கால். கை பாட்டுக்கு எடுத்தது, கை பாட்டுக்குப் பொட்டு வைத்தது. எவ்வளவு பக்தியாக வேலை செய்கிறோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை, இழுத்துப் பார்க்கும் சோதனையில் ரெண்டு குண்டு பிய்ந்து வந்தது. ரெண்டிலும் பச்சைப் பொட்டு. சூப்பர்வைசர் ஹேமநாதன் சார் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அந்த வாரம் நான் பார்த்த சரக்கு ஆறாயிரம் கேபிள், எல்லாம் வானகரம் குடோனுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை மதியம் லாரி ஏறப்போகிறது. அக்கா, அந்த ரெண்டு குண்டைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது கிஷோர் கால்தான். எந்தத் தாயோ எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலோ உன்னைப் போல உட்கார்ந்திருப்பாள், அதற்கு நான் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறேன்.

"நீ வராதேம்மா, காப்பு கட்டிக்கீறே. வேற ரெண்டு பேரை அனுப்பிக்கிறேன்" என்றுதான் ஹேமநாதன் சார் சொன்னார். ரெண்டு பேர் மட்டும் பார்த்தால் முடியாது, மீதி லாரி ஏறிவிடும். என்னைக் கட்டாயப்படுத்தி யாரும் கூட்டிப் போகவில்லை. நானாகத்தான் அவர்களோடு வேன் ஏறினேன். கால்வாய்ப் பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

குடோனில் ஆளுக்கு ஒரு மேஜை, ஒரு விளக்கு, தகரக் கூரை. வெயில் கொளுத்தியது. முதல் ரெண்டு மணி நேரம் பயத்திலேயே பார்த்தேன். அம்மன் பெயரைச் சொல்லவே இல்லை, சொன்னால் மறுபடியும் கை தனியாக ஓடிவிடும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். எடு, திருப்பு, தடவு, வை. எப்போது என்று தெரியாது, பயம் போய்விட்டது. கையில் இருக்கிற அந்த ஒரு குண்டைத் தவிர எனக்கு எதுவும் இல்லை. கிஷோர்கூட இல்லை, நீயும் இல்லை.

அப்போதுதான், இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, பக்கத்துக் காலி ஸ்டூலில் யாரோ உட்கார்ந்து என்னோடு சேர்ந்து பார்ப்பது போல இருந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அடுத்த பீஸ் தவறிவிடும். ஒன்பது வருஷம் தீச்சட்டி எடுத்திருக்கிறேன், அவள் அவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. சனிக்கிழமை மதியம் வரைக்கும் அங்கேயேதான் இருந்தாள். என் மேஜையில் பதினான்கு கெட்ட பீஸ் எடுத்தோம். ஒன்றும் பைக்குக்குப் போகவில்லை.

கோயிலில் இருக்கிறாளா குடோனில் இருக்கிறாளா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் இருந்த இடத்தில் இருந்தாள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

விஜி

*

மண்ணூர்பேட்டை
20.10.2024

விஜிக்கு,

உன் கடிதத்தை ரெண்டு முறை படித்தேன். ரெண்டாவது முறை கோபம் அதிகமானது.

இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கோயில் வாசலைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போடுகிறேன். ஜுரத்தில் கிடந்தாலும் போட்டிருக்கிறேன். ஆடிக்கு ஆடி முப்பது படி கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சுகிறேன். எனக்குப் பக்கத்தில் ஒரு நாளும் யாரும் வந்து உட்காரவில்லை. நீ அவள் பெயரையே சொல்லாமல் ஒரு தகரக் கொட்டகையில் இரும்பைத் தடவிக்கொண்டிருந்தாயாம், அங்கே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாளாம். வெயிலில் பட்டினியாக இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மோர் குடித்திருந்தால் எழுந்து போயிருப்பாள்.

அப்படியே வந்தாள் என்றால், என் பிள்ளையை ஏன் பார்க்கவில்லை? இதற்கு என்ன சொல்வாய்?

இவனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். காலுக்கு வெளியே நாலு கம்பி. கம்பி தோலுக்குள் போகிற ஒவ்வொரு இடத்தையும் தினம் சுத்தம் செய்து துணி மாற்ற வேண்டும். சித்ரா என்று ஒரு நர்ஸம்மா, நல்ல மாதிரி, எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "அவசரப்படாதீங்கம்மா, ஒவ்வொரு கம்பிக்கும் புதுப் பஞ்சு, ஒண்ணுல தொட்டதை இன்னொண்ணுல தொடாதீங்க" என்றார். முதல் நாள் கை நடுங்கி மருந்தைக் கீழே கொட்டினேன். இவன் சிரிக்கிறான். "எம்மா, தீச்சட்டி தூக்குன கை, ஒரு பஞ்சைத் தூக்க நடுங்குது பாரு" என்கிறான்.

காலையில் அதற்கே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. கோயில் வாசலை இப்போது எழிலரசி கூட்டுகிறாள். கோலம் கோணல்மாணலாக இருக்கிறது. இதெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இனி எழுதாதே.

நாகவல்லி

*

காட்டுப்பாக்கம்
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். மூன்று மாதம் எழுதவில்லை. பொங்கலுக்கு நீ கூப்பிடுவாய் என்று புதுப் புடவையைக்கூட மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்தேன், அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இப்போது லென்ஸ் பெஞ்சில் இல்லை. பேக்கிங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஹேமநாதன் சார், "பதினாலையும் நீதானேம்மா புடிச்சே, அப்புறம் ஏன்?" என்றார். காரணம் சொல்லவில்லை.

உனக்குச் சொல்கிறேன். "என் பிள்ளையை ஏன் பார்க்கவில்லை" என்று நீ எழுதினாய் அல்லவா, அது என் கூடவே பெஞ்சுக்கு வந்துவிட்டது. ஒரு பீஸைத் திருப்பும்போது, இதைப் பார்க்கப் போய்த்தானே அவன் காலில் சீழ் வந்தது என்று தோன்றும். கை நின்றுவிடும். பார்த்த பீஸையே மறுபடி பார்ப்பேன். ஒரு நாள் மதியத்துக்குள் அறுநூறு பார்க்க வேண்டியவள் நூற்று முப்பதுதான் பார்த்திருந்தேன். பொட்டு கோடாக இழுத்துக்கொண்டது. நம்ப முடியாத கையை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யக் கூடாது.

பேக்கிங்கில் கஷ்டமே இல்லை. அட்டைப் பெட்டியை மடி, அடுக்கு, டேப் ஒட்டு. கதை பேசிக்கொண்டே செய்யலாம். எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் பக்கத்தில் யாரும் இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்று உனக்குப் புரியும்.

நீ சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும், அன்றைக்கு அது வெயில்தான்.

விஜி

*

மண்ணூர்பேட்டை
9.3.2025

விஜிக்கு,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அரிசி எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

கிஷோருக்குப் போன வாரம் கம்பிகளை எடுத்துவிட்டார்கள். கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறான். எலும்பு கூடிவிட்டது, கால் நிற்கும் என்று டாக்டர் வாயாலேயே சொல்லிவிட்டார். உன்னிடம் அவன் போனில் பேசுகிறான் என்று எனக்குத் தெரியும். நான் தெரியாத மாதிரி இருக்கிறேன்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இவனுக்குத் துணி மாற்றிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். நாலு மாதம் கழித்துப் போகிறேன். முனியன் பெரிய கற்பூரமாக ஏற்றினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தேன் தெரியுமா? மூன்றாவது கம்பிப் பக்கம் சிவந்திருந்ததே, அங்கே பஞ்சைக் கொஞ்சம் கூட வைத்திருக்கலாமோ என்று நினைத்தேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. விபூதி வாங்காமல் வீட்டுக்கு ஓடிவந்து கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருந்தது. இவன், "இன்னாம்மா, அம்மன் பாதியில தொரத்திட்டாளா?" என்றான்.

மறுபடியும் முதலிலிருந்து சுத்தம் செய்து கட்டினேன். ஒரு கம்பி, ஒரு பஞ்சு. அடுத்த கம்பி, அடுத்த பஞ்சு. வெளியே குழம்பு கருகுகிற வாசனை வந்தது, எழுந்து போகவில்லை. முடித்து நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஒரு மணி நேரம் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காப்பாற்று என்றுகூடச் சொல்லவில்லை. பயமும் இல்லை. வீடு நிறைந்து இருந்தது. யார் வந்து நிறைந்தார்கள் என்று கேட்காதே, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் குடோன் ஞாபகம் வந்தது. சந்தோஷமாக வரவில்லை, எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் கோலம் போட்ட இடத்தில் கிடைக்காதது சீழ்த் துணிக்குப் பக்கத்தில் கிடைப்பானேன் என்று ரெண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அது வெயில் இல்லை. இதை மட்டும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சத்தியம் சத்தியம்தான். இவன் படி ஏறட்டும்.

நாகவல்லி

*

காட்டுப்பாக்கம்
13.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மார்ச் மாதக் கடிதத்தைப் பர்ஸிலேயே வைத்திருக்கிறேன். அதற்குப் பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன், ஒவ்வொரு முறையும் அழுகை வந்து மடித்து வைத்துவிட்டேன்.

கிஷோர் கட்டையை விட்டுவிட்டு நடக்கிறானாம். "அப்ப கோயில் படி ஏற வேண்டியதுதானேடா, அம்மா சத்தியம் தீருமே" என்றேன். "நீ வந்து பக்கத்துல நின்னாத்தான் ஏறுவேன் சித்தி. இல்லாட்டி பொன்னியம்மனே வந்து கூப்பிட்டாலும் ஏற மாட்டேன்" என்கிறான். அவன் பிடிவாதம் உன் வீட்டுச் சொத்து.

நான் வர மாட்டேன் அக்கா. அந்தத் தெருவில் எல்லார் முன்னாலும் என் காப்பை அறுத்தார்கள், நீ பார்த்துக்கொண்டு நின்றாய். நீ வாயைத் திறந்து "வாடி" என்று சொன்னால் வருகிறேன். நீயோ அவன் ஏறினால்தான் வாயைத் திறப்பாய். அவன் நான் வந்தால்தான் ஏறுவான். நம் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு அம்மன் என்ன செய்வாள், பாவம்.

இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறேன். உன் கடிதம் வந்த மறுநாள் லென்ஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தேன். நீ "வெயில் இல்லை" என்று எழுதினாய். ஆனால் கிஷோர் காலுக்குக் காரணம் நான் இல்லை என்று எழுதவில்லை. அது இல்லாமல் கை நிதானத்துக்கு வர மாட்டேன் என்கிறது. கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை இது. ஆனாலும் கேட்கிறேன்.

விஜி

*

மண்ணூர்பேட்டை
9.8.2025, சனிக்கிழமை

அன்புள்ள விஜிக்கு,

இதைக் கொண்டுவருகிறவன் நடையைப் பார். பஸ் ஸ்டாப்பிலிருந்து உன் வீடு வரைக்கும் தனியாகத்தான் நடந்து வந்திருப்பான். இடது கால் கொஞ்சம் இழுக்கும். அதைப் பற்றி ஒன்றும் கேட்காதே, ரோஷம் வருகிறது அவனுக்கு.

போன வருஷம் விட்டுப்போன சட்டியை இந்த வருஷம் நான் எடுப்பதாக இருந்தேன். ஒன்றாம் தேதி காப்புக் கட்டிக்கொண்டேன். இதை எழுதும்போது கையில் இருக்கிறது. நாளைக்குத் தீச்சட்டி.

நீ ஒன்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் என்னிடம் ஒரு வருஷமாக இருக்கிறது. யாருக்கும் சொன்னதில்லை, உன் மாமாவுக்கும் தெரியாது.

போன வருஷம் நீ வானகரத்துக்குப் போன அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே இவன், "எம்மா, காலு சுடுது, உள்ள குத்துது" என்றான். தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. கட்டுத் துணியிலிருந்து லேசாக வாடையும் வந்தது. ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம். என் கையில் காப்பு. அப்பாவோடு போ என்று அனுப்பியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் சட்டி எடுத்துக்கொண்டு வரும்போது இவன் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும், அம்மன் பார்வை இவன் மேல் பட வேண்டும் என்று எனக்கு ஆசை. நெற்றியில் விபூதி பூசி, ஒரு ஜுர மாத்திரை கொடுத்து, "ரெண்டு நாள் பொறுத்துக்கோ நைனா, அவ பார்த்துப்பா" என்றேன். அவன் பொறுத்துக்கொண்டான். கூழுக்கு மாவு கரைக்கிற மும்முரத்தில் சனிக்கிழமை நான் அந்தக் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை டாக்டர், "ஜுரம் எப்ப வந்துது?" என்று கேட்டார். "நேத்துதான் சார்" என்றேன்.

இவன் என் முகத்தையே பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

அன்றைக்கு மத்தியானமே கோயிலுக்குப் போய்க் கற்பூரத்தை அணைத்து உன்னோடு பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பழியை உன் மேல் போடாவிட்டால் அது என் மேல் விழும். நீ உன் குடோன் கதையை எழுதினாயே, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே கெட்ட பீஸுக்குப் பொட்டு வைத்தேன் என்று, அதைப் படித்தபோது எனக்கு ஏன் கோபம் வந்தது என்று இப்போது புரிகிறதா? நானும் அதேதான் செய்தேன். நீ தெரிந்ததும் எல்லை தாண்டிப் போய்ச் சரி செய்தாய். நான் எல்லைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

கிஷோர் காலுக்குக் காரணம் நீ இல்லை. நீ கேட்டது இதுதானே. எழுதிவிட்டேன்.

நாளைக்குக் காலையில் நான் உன் வீட்டுக்கு வருகிறேன். காப்போடு வருகிறேன், ரெண்டு பஸ் மாறி. உன் கம்பெனி வாசலுக்குத் திங்கட்கிழமை வந்தாலும் உன்னைப் பார்க்கலாம், அது எல்லைக்குள்ளேயே முடிந்துவிடும். எனக்கு அது வேண்டாம். போன வருஷம் தாண்ட வேண்டிய நாளில் தாண்டவில்லை, ஒரு வருஷம் கழித்துத் தாண்டுகிறேன்.

முனியனிடம் நேரில் சொல்லிவிட்டேன். "எல்லை தாண்டுனா சட்டி கெடையாது நாகு, உனுக்கும் அதே ரூல்தான்" என்றார். "அறுத்துப் போடு அண்ணாத்தே. போன வருஷம் அவளுதை அறுத்தப்ப பார்த்துகினு நின்னேன்ல, இந்த வருஷம் அவ நின்னு பார்க்கட்டும்" என்றேன்.  சத்தியம் ஒன்று இருக்கிறது. இவன் படி ஏறுவதற்கு முன்னாலேயே நான் உன்னோடு பேசிவிடப்போகிறேன். அதை அவளோடு நான் தீர்த்துக்கொள்கிறேன், அவள் என்னைக் கேட்கட்டும்.

திங்கட்கிழமை ஹேமநாதனிடம் போய் உன் பச்சைப் பெயிண்ட் டப்பாவைத் திருப்பிக் கேள். தெருவில் பாதிப் பிள்ளைகள் பைக்கில்தான் போகிறார்கள்.

காலைக்குச் சோறு எதுவும் ஆக்காதே. தூக்கில் கூழ் கொண்டுவருகிறேன். சின்ன வெங்காயம் மட்டும் உரித்து வை.

உன் அக்கா
நாகவல்லி